துருவக் கடலின் மேய்ச்சல் நிலம்

ஈப்போ நகரைச் சுற்றிக் கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் பலவற்றை நாம் காண்கிறோம். அவற்றுள் ஒன்று கரும்பச்சையாகவும் மற்றொன்று தெளிந்த நீலமாகவும் தோன்றும். (தொலைவிலிருந்து காண்பதே போதும்; ஆழமறியாத அக்குட்டைகளில் மாணவர்கள் இறங்குதல் கூடாது.) பச்சை நிறத்திற்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளே. மழைநீர் உரத்தையும் கழிவையும் அடித்துவரும் இடத்தில் அவை செழிக்கின்றன.

நீரில் மிதந்து வாழும் இப்பாசிகளைத் தாவர மிதவையுயிர்கள் என்பர். வேரில்லை, இலையில்லை; எனினும் மரஞ்செடிகளைப் போலவே சூரிய ஒளியால் உணவு சமைக்கின்றன. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் இவற்றால் நிகழ்கிறது. பனி உறைந்த துருவக் கடலிலும் இவை வாழ்வது வியப்பன்றோ? 1839 முதல் 1843 வரை தென்கடலிற் பயணம் செய்த ஹூக்கர் என்னும் ஆங்கிலத் தாவரவியலார், அங்குப் பனிக்கட்டியிற் பழுப்புக் கறை படிந்திருக்கக் கண்டார். கண்ணாடி போன்ற ஓடுடைய டயாட்டம் பாசிகளே அக்கறை.

இரு துருவக் கடல்களும் ஒன்றுபோல் இரா. வடக்கே இருப்பது நிலம் சூழ்ந்த கடல். லேனா, எனிசேய் முதலிய பேராறுகள் அதில் நன்னீரைக் கொட்டுகின்றன. நன்னீர் இலேசானது, ஆதலால் உப்புநீரின்மேல் மூடிபோற் பரவி, ஆழத்திலுள்ள நைட்ரஜன் சத்து மேலேறாமல் தடுக்கிறது. தெற்கே இருப்பதோ கடல் சூழ்ந்த நிலம். அக்கடலில் நைட்ரஜனுக்குக் குறைவில்லை. இரும்புச் சத்துக்கே பஞ்சம். தோட்டத்தில் உரமிட்டுப் பழகிய நம் பெற்றோர் இதனை எளிதில் உணர்வர். ஒரு சத்துக் குறைந்தால், மற்றவை எவ்வளவு இருப்பினும் மரம் தேறாதல்லவா?

தென்துருவத்திலேயே இடத்திற்கு இடம் வேறுபாடு உண்டு. ராஸ் கடலில் நீர் ஆழமாகக் கலங்கும் பகுதியில் ஃபேயோசிஸ்டிஸ் என்னும் பாசி பசையுருண்டைகளாகத் திரள்கிறது. உருகிய பனிநீர் மேலே தங்கி நிற்கும் பகுதியில் டயாட்டம் மிகுகிறது. அண்டார்க்டிக்கத் தீபகற்பத்தின் கரையோரத்திலோ, பனியாற்று நீர் மிகும் இடங்களிற் கிரிப்டோஃபைட் என்னும் மிகச் சிறு பாசி டயாட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எந்தப் பாசி வளர்ந்தாலென்ன என்று நாம் இருந்துவிடலாகாது. நம் கடைகளில் விற்கும் கூனி இறாலை ஒத்த, ஆயினும் அதனிற் பெரிய கிரில் என்னும் உயிர் அங்குக் கோடிக்கணக்கில் வாழ்கிறது. பென்குயினுக்கும் திமிங்கிலத்திற்கும் அதுவே சோறு. கிரில் டயாட்டத்தை நன்கு வடித்துண்ணும். ஒரு மில்லிமீட்டரில் நூறிலொரு பங்கினும் சிறிய கிரிப்டோஃபைட் அதன் பிடியில் சரிவர அகப்படுவதில்லை. புல் மாறினால் மேயும் மாடும் மெலியும். மாட்டை நம்பியவர் வீட்டில் பாலும் குறையும்.

வடக்கேயும் இம்மாற்றம் தெரிகிறது. கனடாவுக்கு வடக்கேயுள்ள கடலில் 2004 முதல் 2008 வரை நீரெடுத்துச் சோதித்தவர்கள், மேல்நீரில் உப்புக் குறையக் குறைய மிகச் சிறு பாசிகள் பெருகி, அவற்றினும் பெரியவை அருகியதை 2009இல் வெளியிட்டனர்.

மலேசியாவும் 1997இல் அண்டார்க்டிக்க ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, 2011இல் அண்டார்க்டிக்க ஒப்பந்தத்தில் இணைந்தது. அங்கிருந்து கொணர்ந்த நுண்பாசிகளைக் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக அறிஞர்கள் குடுவைகளில் வளர்த்தனர். குளிரிலிருந்து படிப்படியாக வெப்பத்தைக் கூட்டி, எந்தப் பாசி தாங்குகிறது, எது வாடுகிறது என்று கணக்கெடுத்தனர்.