கிகாலிக்குக் கிளம்பும் இதயநலப் பணியாளருக்கு

வெளிநாட்டு இதய அறுவைக் குழுவில் தன்னார்வலராகப் போக நினைக்கிறீர்களா? ருவாண்டாவின் கதையைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

அங்கே வால்வு அறுவைக்குக் காத்திருப்பவர்களில் பலர் இளவயதினர். சிறுவயதில் வந்த தொண்டைப்புண் சரியாகக் கவனிக்கப்படாமல் ருமாட்டிக் காய்ச்சலாகி வால்வைச் சிதைத்திருக்கும். பென்சிலினால் தடுத்திருக்கக்கூடிய நோய் இது. பாஸ்டனைச் சேர்ந்த டீம் ஹார்ட் குழு 2008-இல் முதல்முறையாகக் கிகாலிக்கு வந்தது. ஆஸ்திரேலியா, பெல்ஜியம் குழுக்களும் வந்தன. கிங் ஃபைசல் மருத்துவமனையில் அவர்கள் இருந்த நாட்களில்தான் அப்போது அறுவை நடந்தது. இடம் கிடைக்காத சிலரைச் சூடானின் கார்ட்டூம் நகருக்கு அனுப்பினார்கள். எமர்ஜென்சி என்ற இத்தாலிய அமைப்பு 2007-இல் அங்கே சலாம் இதய மருத்துவமனையைத் திறந்து இலவசமாகச் சிகிச்சை தந்துவந்தது. 2023-இல் அந்த நகரில் போர் வெடித்தது. ஒரு நாடு தன் நோயாளிகளுக்கு வேறொரு நாட்டையே நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே நீங்கள் எத்தனை அறுவைகளில் கைகொடுத்தீர்கள் என்பது பெரிதல்ல. நீங்கள் விமானம் ஏறிய மறுவாரம் உள்ளூர்க் குழு தனியாக என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

அறுவை மருத்துவருக்குத்தான் அங்கே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பெர்ஃப்யூஷனிஸ்ட், ஐசியூ செவிலியர், எக்கோ எடுப்பவர், பயோமெடிக்கல் இன்ஜினியர் ஆகியோரின் தேவை அதற்குக் குறைந்ததல்ல. இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்க ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு கைதேர்ந்த மருத்துவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

செவிலியர்களுக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறுவை முடிந்த அந்த முதல் இரவு அவர்கள் கையில்தான் இருக்கிறது. நெஞ்சு ட்ரெயினில் மணிக்கு மணி வடிந்துகொண்டிருந்த ரத்தம் சட்டென்று நின்றால் நிம்மதி அடையக் கூடாது. குழாய் அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அழுத்தத் தொடங்கியிருக்கலாம். ரத்த அழுத்தம் இறங்குகிறதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இந்தக் கண் புத்தகத்தில் வராது, படுக்கையருகில்தான் வரும். எனவே உள்ளூர்ச் செவிலியர் சிரிஞ்ச் பம்பைத் தொடட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தாமதித்தால் பறித்துச் செய்யாதீர்கள், ஆபத்து இருந்தால் தவிர.

வீடு திரும்பிய பிறகும் நோயாளியின் கதை தொடர்கிறது. உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுதும் வார்ஃபரின் எடுக்க வேண்டும். ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிட்டால் வால்வில் ரத்தம் உறையலாம், மருந்து மிஞ்சினால் ரத்தக்கசிவு வரலாம். கர்ப்பத்தில் வார்ஃபரின் சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால், இளம்பெண்ணுக்கு எந்த வால்வு வைப்பது என்பதே கடினமான முடிவு. ருவாண்டாவில் மாவட்ட மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் நடத்தும் கிளினிக்குகள் உண்டு. அவர்களோடு ஒரு நாளாவது இருந்துவிட்டு வாருங்கள். அறுவை அரங்கைவிட அங்கே கற்றுக்கொள்ள அதிகம் என்பது என் எண்ணம்.

காகித வேலையைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். அங்குள்ள மருத்துவ, செவிலியர் கவுன்சில்களின் தற்காலிகப் பதிவு வேண்டும். அதற்கு நம் ஊர்க் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். விமானச் செலவு, காப்பீடு யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். விடுப்பையும் அப்படியே. மருந்து கொண்டுபோவதானால் காலாவதிக்கு ஓராண்டாவது மிச்சமிருக்க வேண்டும்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேளுங்கள்: நோயாளிகளை யார் தேர்வு செய்கிறார்கள்? உள்ளூர் இதயநோய் மருத்துவர் என்று பதில் வராவிட்டால் வேறு குழுவைப் பாருங்கள். நோயாளியின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது அறவே வேண்டாம்.

திரும்பி வந்ததும் பயோடேட்டாவில் 'இதய அறுவை முகாமில் பங்கேற்பு' என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். எந்த வேலையை யாருக்குப் பயிற்றுவித்தீர்கள் (பதவியைக் குறிப்பிட்டால் போதும்), இப்போது அதை அவர்கள் தனியாகச் செய்கிறார்களா என்று எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு ஆள் எடுப்பவர் அதைத்தான் படிப்பார்.