முகவரி சரியா இருந்தால் பாதி வேலை முடிந்தது!



இஞ்சினியரிங் டிராயிங்கில் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், டைட்டில் பிளாக் இல்லாவிட்டால் அந்த ஷீட் யாருடையது, எதைப் பற்றியது என்று தெரியாது. கடிதத்துக்கு முகவரிதான் டைட்டில் பிளாக். அப்ரண்டிஸ் விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் மனு என்று நாம் எழுதப் போகும் கடிதங்கள் பல. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. தப்பான ஆபீசுக்குப் போன கடிதம் சுற்றி வருவதற்குள் அந்தத் தேதி போய்விடும்.

நம்ம பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1995 வரை நாம் எல்லோரும் திருச்சி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001-இல் அரியலூர் பிரிந்தது. 2002-இல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டம் ஆனது. அதனால் அப்பா வைத்திருக்கும் பழைய மனுவைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்காதீர்கள். செந்துறைக்காரர் மனு அரியலூர் கலெக்டருக்கு, குன்னத்துக்காரர் மனு பெரம்பலூர் கலெக்டருக்கு. இதை முதலில் முடிவு செய்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

பெறுநர் முகவரியை இப்படி எழுதலாம்:

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர் – 621 704.

கவனித்தீர்களா? இதில் அதிகாரியின் பெயர் இல்லை. அதிகாரி மாறுவார், பதவி மாறாது. பெயர் போட்டு எழுதி, அவர் மாற்றலாகிப் போயிருந்தால் கடிதம் யார் மேஜைக்குப் போகும்? ஆகவே முதலில் பதவி, அடுத்து அலுவலகம், பிறகு ஊர், கடைசியில் பின்கோடு. அமைச்சருக்கு எழுதினால் 'மாண்புமிகு' சேர்க்க வேண்டும். இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் 'ஐயா / அம்மையீர்' என்று விளிப்பதே மரியாதை. கல்லூரி வழியாகப் போகும் மனு என்றால் பெறுநருக்குக் கீழே 'வழி: முதல்வர் அவர்கள்' என்று ஒரு வரி போடுங்கள். பிறகு 'பொருள்' ஒரே வரியில். அதைப் படித்துத்தான் எந்த செக்‌ஷனுக்கு அனுப்புவது என்று பிரிப்பார்கள்.

இனி பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த ஆறு இலக்க எண் இது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் பகுதியையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் தபால் ஆபீசையும் காட்டும். பெரம்பலூர் 621 212, அரியலூர் 621 704. மாவட்டம் வேறானாலும் இரண்டுக்கும் தொடக்கம் 621தான். அதே அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரமோ 612 901! ஆக, பின்கோடு தபால்துறையின் கணக்கு, மாவட்ட எல்லையின் கணக்கு அல்ல. பக்கத்து ஊர் எண்ணை வைத்து ஊகிக்காமல் உங்கள் ஊர் தபால்காரரிடமே கேட்டுக் கொள்ளுங்கள்.

அனுப்புநர் முகவரியிலும் அதே கவனம் தேவை. நல்லூர், புதூர் என்று ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள்! கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு எல்லாம் எழுதுங்கள். ஹாஸ்டல் முகவரி மட்டும் கொடுத்துவிட்டு, லீவில் ஊருக்குப் போன பிறகு இன்டர்வியூ கார்டு வந்தால் என்ன பயன்?

முக்கியமான கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் அதோடுதான் இணைக்கப்பட்டுவிட்டது. ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள். நாளைக்கு "உன் மனு வரவே இல்லையே தம்பி" என்று யாராவது சொன்னால், பதில் சொல்ல அந்தத் துண்டுச் சீட்டுதான் இருக்கும்.

கையெழுத்து சுமாராக இருக்கலாம், மொழிநடையும் சுமாராக இருக்கலாம். முகவரி மட்டும் சுமாராக இருக்கக் கூடாது நண்பர்களே!