வாத்தியார் தந்த தங்கம்

அடுகோடி பெங்களூரின் தென்பகுதியில் இருக்கிறது. ஓசூர் சாலையை ஒட்டிய பகுதி. இங்கே தெருவில் நடந்தால் கன்னடம் கேட்கும். தமிழ் கேட்கும். உருதும் தெலுங்கும் கேட்கும். மாலை ஆனதும் பிள்ளைகள் பந்தோடு தெருவில் இறங்கிவிடுவார்கள். பந்துக்கு மொழி கிடையாது.

பெங்களூர்த் தமிழர்களுக்குக் கால்பந்து புதிதல்ல. அல்சூர் பக்கம் கௌதமபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். பிரேசில் நாட்டு வீரர் பெலேக்கு அங்கே சிலை வைத்திருக்கிறார்கள்.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. விளையாடுகிற எல்லோரும் பெரிய வீரர் ஆவதில்லை. ஆனால் திறமை உள்ள பிள்ளைக்கு வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். அவர்தான் பயிற்சியாளர். அமெரிக்காவில் சிறிய கல்லூரியில்கூட பேஸ்பால் ஆட்டத்துக்கு என்று தனிப் பயிற்சியாளர் இருப்பார். நம் நாட்டிலோ பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அந்த வேலையைச் செய்தார். அவர் கதையைப் படிப்போம்.

வாத்தியார் பயிற்சியாளர் ஆனார்

அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். 1909-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே கால்பந்தும் ஆடினார். படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியர் ஆனார். பிறகு உடற்கல்விப் படிப்பும் படித்தார். பாடம் சொல்லித் தந்த வாத்தியார் மைதானத்துக்கும் வாத்தியார் ஆனார். எல்லோரும் அவரை "ரகீம் சாகிப்" என்று மரியாதையாக அழைத்தார்கள்.

1950-இல் அவர் ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை என்று ஒரு பெரிய போட்டி நடந்து வந்தது. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து அந்தக் கோப்பையை ஐதராபாத் போலீஸ் அணியே வென்றது. இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கால்பந்தில் இந்தியா ஈரானை வென்று தங்கம் பெற்றது.

தோல்வியும் ஒரு பாடம்

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1952-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே குளிராக இருந்தது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். யூகோஸ்லாவியா அணி 10 கோல் போட்டது. இந்தியா போட்டது ஒரே ஒரு கோல். அதைப் போட்டவர் பெங்களூர்க்காரர் அகமது கான்.

வெறுங்காலில் ஆடுவது நமக்குப் பழக்கம். ஆனால் குளிர் நாட்டில் அது உதவாது. அதன் பிறகு பூட்ஸ் போட்டுத்தான் ஆடவேண்டும் என்று விதி வந்தது. ரகீமும் பயிற்சி முறையை மாற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் எப்படிக் கற்றுக் கொடுத்தார் தெரியுமா? பெரும்பாலான வீரர்களுக்கு வலது கால் பலமாக இருக்கும். இடது கால் தடுமாறும். பலம் குறைந்த காலால் மட்டுமே ஆடவேண்டும் என்று அவர் ஒரு போட்டி வைத்தார். ஆடி ஆடி அந்தக் காலும் தேறியது. சிலர் பந்தைத் தட்டிக்கொண்டு தாமே ஓடுவார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தர மாட்டார்கள். அதற்கும் ஒரு போட்டி வைத்தார். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. உடனே மற்றவருக்குத் தள்ளிவிட வேண்டும். "நான்" போய் "நாம்" வந்தது.

ஏழைப் பிள்ளைகளையும் அவர் தேடிப் பிடித்தார். துளசிதாஸ் பலராம் செகந்திராபாத் அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஆட்டத்தைப் பார்த்த ரகீம் அவரைப் பயிற்சிக்கு அழைத்தார். பின்னாளில் பலராம் இந்தியாவின் சிறந்த வீரர்களில் ஒருவர் ஆனார்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மட்டும் 3 கோல் போட்டார். இந்தியாவுக்கு நான்காம் இடம் கிடைத்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு மேல் போனதே இல்லை.

கடைசி ஆட்டம்

1962-இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அப்போது ரகீமைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அணியோடு போனார்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தை வென்றது. ஜப்பானை வென்றது. அரை இறுதியில் தென்வியட்நாமை வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே தென்கொரியா.

அணியில் பல சிக்கல்கள். தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டிருந்தது. கோல் காவலர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். அரங்கமோ இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்திய அலுவலர் ஒருவர் குறை சொல்லியிருந்தார். அந்தக் கோபம் வீரர்கள் மேல் திரும்பியது.

ரகீம் யோசித்தார். தலையில் அடிபட்டவர் தடுப்பில் நின்றால் ஆபத்து. ஆனால் ஜர்னைல் சிங் உயரமானவர், பலசாலி. எனவே அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். தங்கராஜும் கோல் காக்க வந்தார். இந்தியா 2-1 என்று வென்றது. முதல் கோல் பி.கே. பானர்ஜி போட்டது. இரண்டாவது கோல் ஜர்னைல் சிங் போட்டது!

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11 அன்று, ரகீம் இறந்தார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவே இல்லை. பயிற்சியாளர்களுக்கு மத்திய அரசு தரும் துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் தொடங்கியது. அதைப் பெற ரகீம் இல்லை. 2024-இல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவர் கதையைச் சொன்னது. பலர் அதன் மூலம்தான் அவர் பெயரை அறிந்தார்கள்.

கோல் போட்டவர் பெயரை ஊர் நினைவில் வைக்கிறது. கற்றுக் கொடுத்தவர் பெயர் மறந்துபோகிறது. உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஆட்டம் சொல்லித் தரும் அண்ணனோ அக்காவோ இருக்கலாம். அவர்களுக்கு ஒரு மைதானம் வேண்டும். இரண்டு பந்து வேண்டும். பெற்றோரின் ஆதரவு வேண்டும். பெண் பிள்ளைகளையும் விளையாட அனுப்ப வேண்டும். இதெல்லாம் நம் கையில் இருக்கிறது.

பொருள் அறிவோம்

பயிற்சியாளர் – ஆட்டத்தைக் கற்றுத் தருபவர்
கோல் காவலர் – பந்து கோலுக்குள் போகாமல் தடுப்பவர்
அரை இறுதி – இறுதி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டம்

விடை கூறுங்கள்

1. 1952-இல் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர் யார்?
2. பலம் குறைந்த காலால் மட்டும் ஆடும் போட்டியை ரகீம் ஏன் வைத்தார்?
3. ஜர்னைல் சிங்கை ஏன் முன்வரிசைக்கு அனுப்பினார்?
4. ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் போலீஸ் அணி வென்ற ஐந்து ஆண்டுகளையும் எண்ணால் எழுதுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் பகுதியில் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா? இல்லை என்றால் யாரிடம் கேட்கலாம்? எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதிப் பாருங்கள்.