பாங்காக்: வரைபடம் காட்டாத தூரம்

பாங்காக்குக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் முதலில் தயாரிப்பது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத்தான். அரண்மனை, சயன புத்தர், மிதக்கும் சந்தை, சஃபாரி வேர்ல்டு, பட்டாயா, பவளத்தீவு என்று அது நீளும். சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் ‘நான்கு இரவு, ஐந்து பகல்’ பேக்கேஜும் பெரும்பாலும் இதே பட்டியலை நாள்வாரியாகப் பிரித்துத் தருவதுதான். எல்லாம் ஒரே ஊருக்குள், எட்டும் தொலைவில் இருக்கின்றன என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. அது சரியல்ல. படங்களில் நாம் பார்க்கும் தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை பாங்காக்கிலேயே இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிறது. பட்டாயா வேறொரு திசையில், தென்கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பவளத்தீவுக்கு அங்கிருந்து மறுபடி படகு. முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்குப் போய்விட, மிஞ்சும் மூன்று நாளில் இத்தனையையும் திணித்தால் அந்த மூன்று நாளின் நல்ல பொழுதெல்லாம் வேனுக்குள்ளேயே கழியும். வயதானவர்களுக்குப் பேக்கேஜ்தான் பாதுகாப்பு என்பார்கள். விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு ஒருவர் காத்திருப்பது பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளலாம். பட்டாயாவை நீக்கிவிட்டு நான்கு இரவும் பாங்காக்கிலேயே தங்க ஏற்பாடு செய்யுங்கள் என்று முகவரிடம் கேட்பதில் தவறில்லை.

ஊருக்குள்ளும் இதே கணக்குப் பிழை தொடர்கிறது. ‘ஐந்து கிலோமீட்டர்தானே, டாக்சியில் போய்விடலாம், விடுதி சற்றுத் தள்ளி இருந்தால் வாடகையும் மிச்சம்’ என்று எண்ணுகிறோம். பாங்காக்கின் சாலை அமைப்பு இந்த எண்ணத்துக்கு இடம்கொடுப்பதில்லை. ஒரு காலத்தில் கால்வாய்களால் இயங்கிய ஊர் அது. பல கால்வாய்கள் தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின. அந்தப் பெருஞ்சாலைகளிலிருந்து ‘சோய்’ எனப்படும் சிறு தெருக்கள் உள்ளே போகின்றன. அவற்றில் பல மறுமுனை இல்லாமல் முடிந்துவிடுகின்றன. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகவே பெருஞ்சாலைக்கு வந்தாக வேண்டும். ஆகவே எல்லா வண்டிகளும் அந்தச் சில சாலைகளிலேயே வந்து குவிகின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல், அதுவும் மழை பெய்தால், அந்த ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. பாங்காக்கில் தூரத்தை நிமிடத்தில்தான் அளக்க வேண்டும்.

அதனால்தான் எதைப் பார்ப்பது என்பதற்கு முன் எங்கே தங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். 1999 டிசம்பரில் தொடங்கிய பி.டி.எஸ். வான்ரயிலும், 2004இல் வந்த எம்.ஆர்.டி. சுரங்க ரயிலும் இந்த நெரிசலைத் தொடாமல் போகின்றன. 2010 முதல் சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பாயாதாய் நிலையத்துக்கு அரை மணி நேரத்தில் ரயிலில் வந்து, அங்கேயே வான்ரயிலுக்கு மாறலாம். 2019இல் சனாம் சாய் நிலையம் திறந்த பிறகு அரண்மனைப் பகுதிக்கும் சுரங்க ரயில் போகிறது. சாவ் பிரயா ஆற்றுப் படகுகளும் சுற்றுலாவுக்காக மட்டும் ஓடுபவையல்ல, ஊர் மக்கள் அன்றாடம் ஏறும் வாகனம். சாபான் தக்சின் வான்ரயில் நிலையத்தில் இறங்கினால் காலடியிலேயே படகுத்துறை. ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் விடுதி எடுத்தால் வாடகை கூடும்தான். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் திரும்பக் கிடைக்கும். தாத்தா பாட்டியால் படியேற முடியாதே என்பது நியாயமான கேள்வி. சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. வான்ரயிலில் எல்லா வாயில்களிலும் இல்லை. எந்த வாயிலில் இருக்கிறது என்று முன்பே பார்த்துவைக்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்களோடு டாக்சியில்தான் போக வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு முன்போ, முற்பகல் பத்துக்கு மேலோ, ஞாயிற்றுக்கிழமையிலோ போகலாம். இன்னொன்று: பாங்காக்குக்கு விமான நிலையம் ஒன்றல்ல, இரண்டு. மலிவு விலை விமானங்கள் பல பழைய டான் முவாங்கில் இறங்குகின்றன. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் அடுத்த விமானம் பிடிக்கும்படி டிக்கெட் எடுத்துவிட்டால் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட வேண்டியிருக்கும்.

காலநிலை பற்றிய நம்பிக்கைகள் நமக்கே உரியவை. சென்னையும் பாங்காக்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 பாகையை ஒட்டி இருக்கின்றன. எனவே அங்குள்ள வெயிலும் மழையும் நமக்குப் பழகியவைதாம் என்று நினைத்துவிடுகிறோம். வெயில் பழகியதுதான். ஆனால் சென்னைக்கு மாலையில் வரும் கடற்காற்று பாங்காக்குக்கு அப்படி வராது. மழையின் காலமோ முற்றிலும் வேறு. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அங்கே மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை, உச்சம் செப்டம்பரில். ‘டிசம்பரில் மழை, வேண்டாம்’ என்று பயணத்தைத் தள்ளிப்போடும் குடும்பம் பாங்காக்கின் மிகச் சிறந்த மாதத்தை இழக்கிறது. அரையாண்டு விடுமுறைதான் நமக்கு வாய்த்த நல்ல காலம்; விலை ஏறியிருக்கும் என்பது மட்டுமே குறை. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை காற்றில் நுண்துகள் மிகும். 2025 ஜனவரியில் அதன் காரணமாகவே பாங்காக்கில் பல பள்ளிகளை மூடினார்கள். ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் இதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்கக் கூடாது. கோடை விடுமுறையில் மட்டுமே எல்லோருக்கும் லீவு கிடைக்கும் என்றால் ஏப்ரல் 13 முதல் 15 வரையிலான சொங்க்ரான் பண்டிகையைப் பார்க்கலாம். தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஊர்க்காரர்கள் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் சாலை நெரிசலும் குறைந்திருக்கும். ஆனால் ஆண்டின் கடும் வெயிலும் அதே மாதத்தில்தான். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே நிறுத்துவது எந்தப் பட்டியலுக்காகவும் தகாது.

‘பாங்காக் இரவு வாழ்க்கைக்கான ஊர், குழந்தைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது’ என்பது அடுத்த நம்பிக்கை. இது ஒரு சில தெருக்களைக் கொண்டு ஒரு பெருநகரத்தையே எடைபோடுவது. வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தர் முன் எந்தக் குழந்தையும் அண்ணாந்து நிற்கும். அங்கிருந்து ஆற்றைக் கடந்து வாட் அருணுக்குப் போகும் படகு சில பாத்துகளில் முடியும் சிறு பயணம். லும்பினி பூங்காவில் ஆளுயர உடும்புகள் புல்வெளியில் நிதானமாக நடந்து ஏரியில் இறங்குவதைப் பார்க்கலாம், கட்டணமில்லை. பெஞ்சகிட்டி பூங்காவின் சதுப்பு நிலக் காட்டின் மேல் 2022 முதல் உயர்ந்த நடைபாதை இருக்கிறது. தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் பாம்புப் பண்ணையில், நஞ்சுமுறி மருந்துக்காகப் பாம்பிலிருந்து நஞ்செடுப்பதைக் காட்டுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே கிடைக்கும் அறிவியல் பாடம் பொழுதுபோக்குப் பூங்காக்களில் கிடைக்காது. பழைய கையேடுகளை நம்பி துசித் மிருகக்காட்சி சாலைக்கு மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அது 2018இலேயே மூடப்பட்டுவிட்டது.

சாப்பாடு விஷயத்தில் இரண்டு எதிரெதிர் நம்பிக்கைகள் உலவுகின்றன: சைவர்களுக்கு அங்கே ஒன்றுமே கிடைக்காது என்பது ஒன்று, இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதும் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றும். காய்கறி வதக்கலிலும் மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது சேர்ப்பது அங்கே இயல்பு. கடைக்காரர் மறைக்கவில்லை; அவர் பார்வையில் அது உப்பைப் போன்ற ஒரு சுவைப்பொருள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் ‘ஜே’ என்று குறித்திருக்கும் கடைகளை நம்பலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழா பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே அமையும். அப்போது யாவராத் சீனக்கடைத் தெரு முழுக்க இந்தக் கொடிதான். தமிழர்கள் எழுப்பிய சிலோம் மாரியம்மன் கோயிலிலும் அதே நாட்களில் விழா. விஜயதசமி இரவில் சிலோம் சாலையில் அம்மன் ஊர்வலம். மழைக்காலத்தில் வந்தாலும் காலாண்டு விடுமுறைக்கு இப்படி ஒரு ஈடு உண்டு. மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், காலைப் பொழுது கையில் இருக்கும்.

கடைசியாக, அந்நியர் ஒருவர் அன்பாகச் சொல்லும் தகவல் பற்றி. அரண்மனை வாசலுக்குச் சற்று முன்பே ஒருவர் வந்து ‘இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்’ என்று துக்துக்கில் ஏறச் சொன்னால், அது பெரும்பாலும் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். அரண்மனை வழக்கமாக எல்லா நாளும் காலை 8.30க்குத் திறக்கிறது, அரச சடங்குகளுக்காக மூடினால் அதை வாயில் காவலரே சொல்வார். தோளும் முட்டியும் மறையும் உடை கட்டாயம். நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 500 பாத். 2025 மே முதல் நாட்டுக்குள் நுழையும் முன் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அரசின் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றைத் தூதரகத் தளத்தில் பார்த்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும்.