முழங்கால் தேய்வை முன்கூட்டி அறியலாமா?

"வயது போனால் முழங்கால் நோகத்தான் செய்யும்" என்று நம்மிற் பலர் பேசாமல் இருந்துவிடுகிறோம். வயதுடன் மூட்டுத் தேய்வு கூடுவது உண்மையே. ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்திற் கூடுவதில்லை.

1957இல் கெல்கிரென், லோரன்ஸ் என்னும் வைத்தியர்கள் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு தேய்வை 0 முதல் 4 வரை தரம் பிரித்தனர். அம்முறை இன்றும் வழக்கிலுண்டு. ஆயினும் படத்தில் தேய்வு மிகுந்தும் நோவின்றி நடப்போர் உளர்; குறைந்திருந்தும் படியேற முடியாதோர் உளர். எனவே படம் மட்டும் வருங்காலத்தைச் சொல்லாது.

கவனிக்க வேண்டிய குறிகள் மூன்று:

1. பழைய முழங்காற் காயம். இது அழிக்க முடியாத பதிவு. மற்ற இரண்டும் நம் கையில் உள்ளவை.

2. உடல் நிறை. நிறை கூடியவர் 1 கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காற் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைவதாக 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

3. தொடைத் தசை. அது பலவீனமானோருக்குத் தேய்வு வரும் வாய்ப்பு அதிகமென, ஒஸ்லோ ஆய்வாளர் பிரிட் எலின் எய்ஸ்தாட் முதலானோர் 2015இல் எழுதினர்.

நோவுக்குப் பயந்து அசையாதிருந்தால் தசை மேலும் மெலியும். நோர்வேயில் 'அக்தீவ்-ஆ' என்னும் பயிற்சித் திட்டம் இதற்கென்றே உண்டு. 2018 முதல் வைத்தியரின் கடிதமின்றியே பிசியோதெரபிஸ்ற்றிடம் செல்லலாம்.

கோயிலில் நிலத்திலிருந்து எழக் கையூன்றும் நம் அம்மாமாரிடம் இதைச் சொல்வோம். முதல் நாள் கூடவே போவோம்.