நண்பர்கள் வரும் சாயங்காலத்துக்கு

முதன்முறையாகத் தனியே வீடு எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு நண்பர்களை வரச் சொல்லியிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வந்தவர்கள் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அழைத்தவர் அடுப்படியிலேயே வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அவர்கள் உங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதை மனதில் வைத்தே பலகாரத்தைத் தீர்மானியுங்கள்.

1. மூன்று வகை போதும். ஒன்று முன்கூட்டியே வேகவைத்துக்கொள்வது, ஒன்று கடையில் வாங்குவது, ஒன்றே ஒன்று சுடச்சுடப் போடுவது. சுண்டல், முறுக்கு, பஜ்ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது ஒன்றுக்கும் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள்.

2. கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்: வேர்க்கடலை யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா, அன்றைக்கு யாருக்காவது விரதமா, வெங்காயம், பூண்டு சாப்பிடுவார்களா? எல்லோரும் சாப்பிட, ஒருவர் மட்டும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

3. சுண்டலுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை கால் கிலோ எடுத்தால், வெந்தபின் இரண்டு மடங்குக்கு மேல் எடை வரும். ஆறு பேருக்குத் தாராளம். முந்தின நாள் ராத்திரியே ஊறப்போடுங்கள். மறந்துபோனால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடி வைக்கலாம். இல்லாவிட்டால் கடலையை விட்டுப் பாசிப்பயறுக்கு மாறிவிடுங்கள், அது சீக்கிரம் வெந்துவிடும். ஊறிய கடலையை உப்புப் போட்டு நாலைந்து விசில் விடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் தோல் கழன்று குழையக் கூடாது. வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ராத்திரி ரசத்துக்கு ஆகும். தாளிப்பு, தேங்காய்த் துருவல், பொடியாக நறுக்கிய மாங்காய் எல்லாம் நண்பர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். தேங்காய் சேர்த்த சுண்டல் வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசிப்போகும்.

4. பஜ்ஜியில்தான் புதிதாகச் சமைப்பவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு கிண்ணம் கடலை மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு. மொறுமொறுப்பு அரிசி மாவால்தான் வரும். மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. சோடா கூடினால் பஜ்ஜி எண்ணெய் குடிக்கும். மாவு இட்லி மாவுப் பதத்தில், வாழைக்காய்ச் சீவல்மேல் ஒட்டி நிற்க வேண்டும். சீவிய வாழைக்காய் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போடுவோம் அல்லவா, அதை எடுத்துத் துணியில் ஒற்றிவிட்டுத்தான் மாவில் தோய்க்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், மாவும் வழுக்கிக்கொண்டு போகும். பஜ்ஜி மிளகாயைக் கட்டாயம் கீறிவிடுங்கள். முழுசாகப் போட்டால் உள்ளே இருக்கும் நீராவி அதை வெடிக்க வைக்கும்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை. விட்டதும் மேலே வந்து உடனே கருகினால் சூடு அதிகம். சுற்றிலும் குமிழி விட்டுக்கொண்டு நிதானமாக எழும்பினால் சரியான சூடு. ஒரு ஈடுக்கு நாலுதான் போட வேண்டும். வாணலி நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பஜ்ஜி சொதசொதவென்று ஆகிவிடும். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மாவிலுள்ள ஈரம் ஆவியாகிக் குமிழியாய் வெளியேறும்வரைதான் அந்தச் சலசலப்பு. அது அடங்கி, நிறமும் பொன்னாக மாறியதும் எடுத்துவிடலாம்.

5. கடையில் வாங்குவது குறைச்சல் இல்லை. மணப்பாறை முறுக்கையும் கோவில்பட்டி கடலை மிட்டாயையும் நம்மால் அந்தப் பக்குவத்தில் வீட்டில் செய்துவிட முடியாது. எனக்கு இன்னும் பிடித்தது சேலத்துத் தட்டுவடை செட். சின்னத் தட்டுவடை, துருவிய கேரட், பீட்ரூட், பொடி வெங்காயம், இரண்டு விதச் சட்னி எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டால் அவரவரே அடுக்கிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். கூச்சப்படுகிற ஆள்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் சட்னியைக் கேட்டுப் பேச்சுக்கு வந்துவிடுவார்.

6. பொரி கலப்பதானால், பரிமாறத் தட்டைக் கையில் எடுத்த பிறகு கலந்தால் போதும். தக்காளியின் விதையையும் நீரையும் எடுத்துவிடுங்கள். பொரி நமுத்திருந்தால் வெறும் வாணலியில், சின்னத் தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள்.

7. “நான் ஏதாவது செய்யட்டுமா?” என்று ஒருவர் அடுப்படிக்கு வருவார். “நீ போய் உட்காரு” என்று விரட்டாதீர்கள். வெங்காயத்தையும் கத்தியையும் கொடுங்கள். கூடத்தில் சொல்லத் தயங்கிய விஷயம் பெரும்பாலும் அங்கேதான் வாயில் வரும்.

8. டீ கடைசியில். ஆறு பேருக்கு அரை லிட்டர் பால், கால் லிட்டர் தண்ணீர். தட்டிய இஞ்சியைப் பச்சைப் பாலில் போட்டால் திரிந்துவிடும். முதலில் தண்ணீரில் தூளோடு கொதிக்கவிட்டு, அப்புறம் காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். சர்க்கரையைத் தனியே வையுங்கள்.

9. மிஞ்சிய எண்ணெய் ஆறியதும் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம், தொட்டியிலும் ஊற்ற வேண்டாம்.