டக் டக் டும்: பிள்ளையோடு ஒரு சத்த விளையாட்டு



ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தேத்தண்ணிக் கோப்பை மாறினாலும் அழுகை, போகும் பாதை மாறினாலும் அழுகை. இது திமிரும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. 1943இல் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே இதைக் குறிப்பிட்டார்.

மாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க இப்படி விளையாடலாம்:

1. பிள்ளை தகரத்தில் 'டக் டக்' என்று தட்டினால் நீங்களும் அப்படியே தட்டுங்கள்.

2. பிள்ளை உங்களைக் கவனித்த பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: 'டக் டக் டும்'.

3. உடனே பழைய சத்தத்துக்குத் திரும்புங்கள். மாற்றம் வந்தாலும் பயமில்லை என்று பிள்ளைக்கு விளங்கட்டும்.

4. அடுத்த மாற்றத்தைப் பிள்ளை செய்யட்டும். நீங்கள் பின்பற்றுங்கள்.

பழகிய பின், கோப்பையை மாற்றும் முன்பும் அதே 'டும்' போட்டுப் பாருங்கள்.

மலையிலிருந்து வந்து அஞ்சு நிமிஷம் போதும். பிள்ளை காதைப் பொத்தினால் நிறுத்திவிடுங்கள்.

இது விளையாட்டுத்தான், வைத்தியமல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளைக்குக் காதுப் பரிசோதனையும் வேண்டும். குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். பிள்ளையை அடிக்காதீர்கள், ஊர் என்ன சொல்லுமோ என்று லயத்துக்குள் மறைத்தும் வைக்காதீர்கள்.